சீரியம் குளோரைடின் உலர்ச்சி: ஒரு விசாரணை

1. விசாரணையின் பொருள்

அபூர்வ மண் உலோகங்கள் என்ற பெயரைக் கேட்டு அவை யாவும் கிடைத்தற்கரியவை என்று எண்ணுவோர்க்கு, அவற்றுள் ஒன்றாகிய சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறக்குறையத் தாமிரத்தின் அளவுக்கே பரவிக் கிடக்கிறது என்ற செய்தி வியப்பைத் தரும். 1803-ஆம் ஆண்டில் ஸ்வீடனில் பெர்ஸீலியஸும் ஹிஸிங்கரும் கூடியும், ஜெர்மனியில் கிளாப்ரோத் தனித்தும் இதன் ஆக்ஸைடைக் கண்டறிந்தார்கள். இரண்டாண்டுகளுக்கு முன் வானில் புதிதாகப் புலப்பட்டிருந்த சீரிஸ் என்னும் சிறுகோளின் பெயரே இதற்கு இடப்பட்டது. இவ்வுலோகம் ஹாலஜன்களோடு கூடி உண்டாக்கும் உப்புகளுள் ரசாயனக் கூடங்களில் அதிகமாகப் புழங்குவது முக்குளோரைடு. ஒரு சீரிய அணுவுக்கு மூன்று குளோரின் அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த இந்த வெண்ணிற உப்பு இரண்டு கோலங்களில் கிடைக்கிறது: ஏழு மூலக்கூறு நீரோடு கூடிய படிகம் ஒன்று, நீரற்றது என்று சீட்டு ஒட்டப்பட்ட தூள் மற்றொன்று.

இவ்விரண்டாவது கோலத்தைப் பற்றியதே இக்கட்டுரை. ஓர் உப்பு உலர்ந்துவிட்டது என்று சொல்வதற்கு என்ன ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரம் இதுவரை போதிய அளவில் காட்டப்பட்டு வந்திருக்கிறதா என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி. கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இந்த உப்பைக் கொண்டு செய்யப்பட்ட பல நூறு வினைகளின் விளக்கம் இதன் விடையைப் பொறுத்து மாறுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீரியம் குளோரைடில் தங்கும் நீரும், நீரால் விளையும் சிதைவும் இருவேறு குற்றங்கள், ஒன்று இல்லை என்று காட்டும் சோதனை மற்றதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, இந்தப் பேதத்தைக் கருதாமல் நீண்ட காலம் வேலை நடந்ததால்தான் இத்துறையில் முரண்பட்ட அனுபவங்கள் இவ்வளவு மலிந்தன.

2. மணலிலிருந்து உப்பு வரை

சீரியத்துக்கு முக்கிய மூலமாக விளங்கும் தாதுக்களுள் மோனஸைட் ஒன்று. அபூர்வ மண்களும் தோரியமும் பாஸ்பேட்டாகக் கலந்த பழுப்பு மஞ்சள் மணல் அது. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியின் கடற்கரையில் இத்தாது இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அன்று உலகம் அதைத் தேடியது சீரியத்துக்காக அன்று, தோரியத்துக்காக. ஆவுவர் வான் வெல்ஸ்பாக் அமைத்த வாயு விளக்கின் வலை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடும் கலந்ததாக இருந்தது. தோரியத்தை எடுத்த பின் குவிந்து கிடந்த அபூர்வ மண்களுக்கு ஒரு பிரயோஜனம் காண முயன்ற அவரே, 1903-இல் அவற்றின் கலப்பு உலோகத்தை இரும்போடு சேர்த்து, உரசினால் பொறி பறக்கும் தீக்கல்லாக்கினார். சிகரெட் லைட்டரில் இன்றும் இருப்பது அதுவே.

ஆலுவாயில் 1952-இல் இயங்கத் தொடங்கிய இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆலை கைக்கொண்ட கார முறையில், நன்கு அரைத்த மோனஸைட்டை அடர்ந்த சோடியம் ஹைட்ராக்ஸைடில் காய்ச்சினால் பாஸ்பேட் பிரிந்து டிரைசோடியம் பாஸ்பேட்டாக வெளியேற, உலோகங்கள் யாவும் ஹைட்ராக்ஸைடுகளாகத் தங்குகின்றன. அவற்றை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், புளிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி பார்த்துக் கரைத்தால், தோரியம் கரையாமல் அடியில் நிற்க, அபூர்வ மண்கள் மட்டும் குளோரைடுகளாகக் கரைசலில் இறங்கிவிடும். இக்கலவையில் ஏறத்தாழப் பாதி சீரியமே. தன் சகோதர மூலகங்களைப்போல் அல்லாமல் நான்கு மின்னேற்ற நிலைக்கு எளிதில் ஏறவல்லது என்பதால், ஆக்ஸிஜனேற்றம் செய்து அதை மற்றவற்றினின்று பிரிப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆகவே நீருடன் கூடிய சீரியம் குளோரைடு மலிவான சரக்கு. சிரமம் அதன் பின்புதான் தொடங்குகிறது.

அச்சிரமம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மொசாண்டர் சீரியம் குளோரைடைப் பொட்டாசிய உலோகத்தால் ஒடுக்கி முதன்முதலாக அசுத்தமான சீரிய உலோகத்தைப் பெற்றார். 1875-இல் ஹில்லபிராண்டும் நார்ட்டனும் உருகிய குளோரைடில் மின்சாரத்தைச் செலுத்தி அதைவிடச் சுத்தமான உலோகத்தைக் கண்டார்கள். இரண்டு முயற்சிகளுக்கும் உலர்ந்த குளோரைடே அடிப்படை. உருகிய உப்பில் சிறிதளவு ஈரம் இருந்தாலும் அது மின்பகு தொட்டியின் அடியில் கரையாத சகதியாகப் படிந்து மின்சாரத்தை வீணாக்கும் என்பதை இத்தொழிலில் இறங்கியவர்கள் அனுபவத்தால் உணர்ந்தார்கள்.

3. நீர் எங்கே இருக்கிறது?

படிகத்தில் உள்ள நீர் என்றதும், துணியில் தங்கிய ஈரத்தைப்போல அது உப்பின் துகள்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருப்பதாகவே முதலில் எண்ணத் தோன்றும். எக்ஸ்-கதிர்ப் படிகவியல் காட்டும் சித்திரமோ முற்றிலும் வேறு. ஏழு நீர் கொண்ட சீரியம் குளோரைடின் படிகத்தில் சீரிய அயனிகள் இரண்டிரண்டாக இணைந்து நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஏழு நீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்ஸிஜன் முனையால் நேரடியாகப் பற்றியிருக்க, இரண்டு குளோரைடு அயனிகள் இரண்டு சீரியங்களுக்கும் பாலமாக அமைகின்றன. எஞ்சிய குளோரைடுகள் உலோகத்தைத் தொடாமல் வெளியே நிற்கின்றன. அதாவது, பெயரளவில் குளோரைடு என்று வழங்கும் இந்தப் பதார்த்தத்தில் சீரியத்தின் அண்டை அயலில் பெரும்பான்மையோர் நீரே, குளோரின் சிறுபான்மை.

நீரற்ற உப்பின் அமைப்பு இதற்கு நேர் எதிரானது. அங்கே ஒவ்வொரு சீரிய அயனியையும் ஒன்பது குளோரைடுகள், முக்கோணப் பட்டகம் ஒன்றின் ஆறு மூலைகளிலும் மூன்று பக்கங்களின் மேலுமாகச் சூழ்ந்து நிற்கின்றன; ஒவ்வொரு குளோரைடும் மூன்று சீரியங்களுக்குப் பொது. 800 பாகைக்கு மேல் உருகும் இந்த அறுகோணப் படிகம், முந்தையது போலத் தனித்தனி இணைகளின் தொகுதி அன்று, முப்பரிமாணத்திலும் தொடரும் ஒரே வலை. ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்வதென்றால், சீரியத்தின் ஏழு அயலாரையும் வெளியேற்றிப் பழைய வீட்டை முற்றிலும் இடித்துப் புதிய வீடு கட்ட வேண்டும். உலர்த்துதல் என்று நாம் எளிதாகச் சொல்லும் செயலின் உண்மையான அளவு இதுவே.

இந்த இடிப்பு ஒரே மூச்சில் நடப்பதில்லை. 1950-களில் வென்ட்லாண்ட் வெப்பத் தராசில் அபூர்வ மண் குளோரைடு ஹைட்ரேட்டுகளைச் சூடேற்றி அவற்றின் எடை குறைவதைத் தொடர்ந்து பதிவு செய்தபோது, நீர் படிப்படியாக வெளியேறுவதும், இறுதிப் பகுதி மற்றவற்றைவிடப் பிடிவாதமாக நிற்பதும் தெளிவாயின. பிடிவாதத்தின் காரணத்தை ஊகிப்பது கடினமன்று: நீர் குறையக் குறையச் சீரியத்தின் மின்னேற்றத்தைத் தணிக்க எஞ்சியிருக்கும் மூலக்கூறுகள் மேலும் இறுக்கமாகப் பற்றப்படுகின்றன. இவ்வாறு இறுகப் பற்றப்பட்ட நீர், வெப்பம் போதிய அளவு ஏறும்போது, வெளியேறுவதற்குப் பதிலாக மற்றொரு வழியைத் தேர்ந்தெடுக்கலாம். தன் இரண்டு ஹைட்ரஜன்களையும் இரண்டு குளோரைடுகளோடு கூட்டி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக அனுப்பிவிட்டு, ஆக்ஸிஜனை மட்டும் சீரியத்திடம் விட்டுச் செல்லும் வழி அது. அங்ஙனம் விளைவது ஆக்ஸிகுளோரைடு. நீர் போய்விட்டது என்பது உண்மைதான்; ஆனால் அதனுடன் குளோரினும் போய்விட்டது. மற்றோர் அபூர்வ மண் உலோகமாகிய லாந்தனத்தில் இந்த ஆக்ஸிகுளோரைடு நிலையாக நிற்கும். சீரியத்திலோ காற்று இருந்தால் அது மேலும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து வெளிர்மஞ்சள் நிறச் சீரியம் ஆக்ஸைடாக முடிகிறது. அப்போது குளோரைடு என்ற பெயருக்கே இடமில்லை.

4. அம்மோனியம் குளோரைடின் துணை

இந்த விபத்தைத் தடுக்க ரசாயனிகள் கண்ட உபாயங்களுள் பழமையானது, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவின் ஓட்டத்திலேயே உப்பைச் சூடாக்குவது. சிதைவில் விளையும் வாயு ஏற்கெனவே சுற்றிலும் நிறைந்திருந்தால் சிதைவு பின்வாங்கும் என்ற சமநிலைத் தத்துவம் இதன் ஆதாரம். இரண்டாவது உபாயம் அம்மோனியம் குளோரைடு. ரீட், ஹாப்கின்ஸ், ஆட்ரீத் ஆகியோர் 1935-இல் வகுத்துத் தந்த இம்முறை, 1962-இல் டெய்லரும் கார்ட்டரும் அயோடைடுகள் வரை விரித்துக் காட்டியபின் பரவலான பிரயோகத்துக்கு வந்தது. ஹைட்ரேட்டோடு மிகுதியான அம்மோனியம் குளோரைடைக் கலந்து வெற்றிடத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றினால் முதலில் நீர் வெளியேறும். வெப்பம் 300 பாகையைத் தாண்டியதும் அம்மோனியம் குளோரைடு ஆவியாகி, குழாயின் குளிர்ந்த முனையில் பஞ்சுபோல் வெண்மையாகப் படிந்து கனமான வளையமாகும். அந்த வளையம் வளர்வது நின்று, உள்ளே எஞ்சிய தூள் தளர்ந்து உதிரியாகக் கிடக்கும்போது வேலை முடிந்ததென்று கொள்வது வழக்கம்.

அம்மோனியம் குளோரைடு செய்யும் உபகாரம் என்ன என்பதில் இரு அபிப்பிராயங்கள் உண்டு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, பின்னதைச் சூழலில் நிரப்பிச் சிதைவைத் தடுக்கிறது என்பது பழைய விளக்கம். ஜெர்மனியில் கெர்ட் மையரும் அவருடைய சகாக்களும் 1980-களில் நடத்திய ஆராய்ச்சி இதைவிட ஆழமான ஒன்றைக் காட்டிற்று. அபூர்வ மண் குளோரைடும் அம்மோனியம் குளோரைடும் தம்முள் கூடி நீருக்கு இடமே இல்லாத ஒரு கூட்டுப் படிகமாக முதலில் மாறுகின்றன. பின்பு மேலும் சூடேற்றும்போது அக்கூட்டிலிருந்து அம்மோனியம் குளோரைடு மட்டும் நழுவிவிட, தூய குளோரைடு மீதமாகிறது. ஆக்ஸைடிலிருந்தே தொடங்கினாலும் இவ்வழி செல்கிறது என்பது இரண்டாம் விளக்கத்துக்கு வலிமை தருகிறது. ஆக்ஸைடைக் குளோரைடாக்குவது வெறும் காப்பு வாயுவின் வேலையாக இருக்க முடியாது. என் மதிப்பீட்டில் மையரின் விளக்கமே ஏற்புடையது. அது இம்முறையின் ஒரு குறையையும் உடனே வெளிக்காட்டுகிறது: கூட்டுப் படிகம் முழுதும் சிதையாமல் நிறுத்திவிட்டால் உப்பில் அம்மோனியம் தங்கும். நீர் இல்லை, ஆக்ஸிகுளோரைடு இல்லை, ஆயினும் உப்பு தூய்மையானதன்று. நீருக்குரிய சோதனை இதைக் காட்டாது. காரத்தோடு சூடாக்கி அம்மோனியாவின் நெடியை முகர்ந்தால்தான் தெரியும்.

5. இரண்டு கரிம வினைகள், ஓர் உப்பு

1978-இல் பிரான்ஸில் லூஷ் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பு, சீரியம் குளோரைடைக் கரிம ரசாயனக் கூடங்களுக்குள் கொண்டுவந்தது. இரட்டைப் பிணைப்பும் கார்பனைல் தொகுதியும் அடுத்தடுத்து அமைந்த கீட்டோன்களைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கும்போது இரண்டு இடங்களும் தாக்கப்படும். சைக்ளோபென்ட்டினோனில் இரட்டைப் பிணைப்பு முற்றிலும் மறைந்து நிறைவுற்ற ஆல்கஹாலே கிடைக்கும். மெத்தனாலில் சீரியம் குளோரைடைச் சேர்த்தால், அதே சைக்ளோபென்ட்டினோன் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு, இரட்டைப் பிணைப்புக் கெடாத ஆல்கஹாலாக மாறுகிறது. வினையும் சில நிமிஷங்களில் முடிகிறது. நம் விசாரணைக்கு முக்கியமானது வேறொன்று. இங்கே பயன்பட்டது ஏழு நீர் கொண்ட மலிவான படிகமே. கரைப்பான் மெத்தனால் என்பதால் சில மூலக்கூறு நீர் கூடினாலும் குறைந்தாலும் பேதமில்லை.

ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தில் இமாமோட்டோவும் அவருடைய குழுவினரும் 1980-களில் வளர்த்த இரண்டாவது வினையில் நிலைமை தலைகீழ். கரிம லித்தியம் சேர்மங்களும் கிரினார்டு சேர்மங்களும் கீட்டோன்களோடு கூடும்போது, கார்பனைலைத் தாக்காமல் அதன் பக்கத்து ஹைட்ரஜனைப் பறித்துவிடுவது பழகிய தொல்லை. அச்சேர்மத்தை உலர்ந்த சீரியம் குளோரைடோடு டெட்ராஹைட்ரோபியூரான் என்னும் கரைப்பானில், பூஜ்யத்துக்குக் கீழே 78 பாகையில் முதலில் கலந்துவிட்டுப் பின்பு கீட்டோனைச் சேர்த்தால், பறிப்பு அடங்கிக் கூட்டல் மேலோங்குகிறது. ஆனால் லித்தியம் சேர்மம் நீரைக் கண்ட மாத்திரத்தில் அழிவது. ஆகவே இங்கு உலர்ச்சி வினையின் உயிர்நிலை.

இமாமோட்டோ வகுத்த உலர்த்தும் கிரமம் எளிமையானது, அதனாலேயே உலகெங்கும் பின்பற்றப்பட்டது. ஏழு நீர் உப்பை நன்கு பொடித்து, வட்டக் குடுவையில் இட்டு, உயர் வெற்றிடத்தில் வைத்து, எண்ணெய்த் தொட்டியின் வெப்பத்தை மெதுவாக 140 பாகைக்கோ சற்று மேலோ உயர்த்தி, இரண்டு மணி நேரம் கிளறிக்கொண்டே வைத்திருப்பது; பின்பு ஆர்கான் வாயுவில் ஆறவிட்டு, டெட்ராஹைட்ரோபியூரானை ஊற்றி ஓர் இரவு முழுதும் கலக்குவது. அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் உப்பு 90 பாகையை ஒட்டித் தன் நீரிலேயே உருகிக் கட்டி தட்டிவிடும். அப்படி இறுகியதை மீட்க முடியாது என்பதை இவ்வேலையைச் செய்தவர் அனைவரும் அறிவர். சரியாகச் செய்தால் குடுவையின் கழுத்தில் முதலில் நீர்த்துளிகள் படிந்து, பின்பு மறைந்து, அடியில் மென்மையான வெண்தூள் மிஞ்சும். இது நீரற்றது என்றே எல்லோரும் எழுதினார்கள்.

1996-இல் அமெரிக்காவில் எவன்ஸ், ஃபெல்ட்மன், ஸில்லர் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை இந்த நம்பிக்கையின் அடித்தளத்தையே அசைத்தது. வழக்கமான கிரமத்தில் உலர்த்திய தூளை அவர்கள் ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சீரியத்துக்கும் ஒரு நீர் மூலக்கூறு மீந்து நிற்கும் பலபடிச் சேர்மமே தங்கள் கையில் இருப்பதைப் படிகவியலால் நிறுவினார்கள். வென்ட்லாண்டின் தராசு சுட்டிய அந்தப் பிடிவாதமான கடைசி நீர் அங்கேயே இருந்தது. அதே ஆண்டில் டிமித்ரோவும் அவருடைய சகாக்களும் வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தார்கள். உலர்த்தும் முறையை மாற்ற மாற்ற, பெயரளவில் ஒரே உப்பு வெவ்வேறு திறனுடன் வினை செய்வதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

6. முரண்பாட்டின் விளக்கம்

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஒரு சீரியத்துக்கு ஒரு நீர் வீதம் இருந்ததென்றால், சம அளவில் சேர்க்கப்பட்ட லித்தியம் சேர்மம் முழுதும் அந்நீரிலேயே வீணாகியிருக்க வேண்டும். அப்படியிருக்க, நல்ல விளைச்சல் தந்த அத்தனை வினைகளும் எவ்வாறு நடந்தன? வெற்றி பெற்ற வினைகளே உப்பு உலர்ந்திருந்ததற்குச் சாட்சி அல்லவா?

இந்த ஆட்சேபத்தை நான் இலேசாகக் கருதவில்லை. ஆனால் அது நிரூபிப்பதாகச் சொல்வதை நிரூபிக்கவில்லை. வினை வெற்றி பெற்ற குடுவைகளில் எஞ்சிய நீர் குறைவாக இருந்தது என்ற அளவுக்கே அதன் சாட்சியம் செல்லும்; அந்தக் குறைவு எவ்வளவு என்று அது சொல்லாது. 140 பாகையில் இரண்டு மணி நேரம் என்று எழுதப்பட்ட ஒரே கிரமம், தூளின் நயம், வெற்றிடத்தின் தரம், குடுவையின் அடியில் தூள் பரவிய தடிப்பு ஆகியவற்றுக்கு ஏற்பக் கடைசி நீரை ஓரிடத்தில் முக்காலும் வெளியேற்றி, இன்னோரிடத்தில் அப்படியே விட்டுவைக்கும். நீரின் வெளியேற்றம் அதன் கடைசிப் படியில் இருக்கும்போதே கிரமம் நிறுத்தப்படுகிறது என்பதே குறை. மேலும், கரிம லித்தியத்தை வேண்டிய அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்ததால், நீரால் நேர்ந்த நஷ்டம் கணக்கில் தெரியாமல் மறைந்தது. சிலர் விலையுயர்ந்த கீட்டோனைச் சேர்க்குமுன் டெர்ஷியரி பியூட்டைல் லித்தியத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் நிலைக்கும் வரை காத்திருந்தார்கள். உப்பில் நீர் இருக்கிறது என்பதை அறிந்தே செய்த பரிகாரம் அது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் அனுபவம் உண்டு. உயர் வெப்பத்தில் தயாரிக்கப்பட்டு, உண்மையாகவே நீரற்றதாக விற்கப்படும் மணி போன்ற சீரியம் குளோரைடு, வீட்டில் உலர்த்திய தூளைவிடச் சில சமயம் மந்தமாக வினை செய்கிறது. இதைக்கொண்டு, சிறிது நீர் நன்மை செய்கிறது என்று முடிவு கட்டுவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. முன்பு சொன்ன ஒன்பது குளோரைடு வலை நெருக்கமாகப் படிகமானால், டெட்ராஹைட்ரோபியூரான் உள்ளே நுழைந்து அதைப் பிரிக்க நேரம் பிடிக்கும். நீர் வெளியேறிய இடைவெளிகள் நிறைந்த நொறுங்கிய தூளுக்கு அந்தத் தடை இல்லை. இரண்டு உப்புகளின் வேற்றுமைக்குத் துகளின் அமைப்பே போதிய காரணம், நீரை அழைக்க வேண்டியதில்லை. 2006-இல் மியூனிக்கில் க்னோகெலும் அவருடைய மாணவர்களும் லாந்தனம், சீரியம், நியோடிமியம் குளோரைடுகளை இரண்டு பங்கு லித்தியம் குளோரைடோடு சேர்த்து டெட்ராஹைட்ரோபியூரானில் முழுதும் கரையச் செய்தது இந்த விளக்கத்துக்கு அரண் செய்கிறது. துகள் என்ற ஒன்றே இல்லாத அந்தத் தெளிந்த கரைசல், கீட்டோன்களோடு மிக நன்றாகவே வினை செய்தது.

7. ஒளிரும் படிகங்களின் சாட்சியம்

கரிம ரசாயனி சமாளித்துக்கொள்ளும் நீரைப் பௌதிக ஆராய்ச்சியாளர் சமாளிக்க முடியாது. ஹாலந்திலுள்ள டெல்ஃப்ட் ஆராய்ச்சியாளர்களும் ஸ்விட்ஸர்லாந்தின் பேர்ன் ஆராய்ச்சியாளர்களும் கூடி, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாந்தனம் குளோரைடு, லாந்தனம் புரோமைடு ஆகியவற்றில் சிறிது சீரியம் சேர்த்து, காமா கதிர் பட்டால் பளிச்சிடும் படிகங்களை உருவாக்கினார்கள். சீரிய அயனியில் உள்ள ஒற்றை எஃப் எலெக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவித் திரும்பும்போது எழும் ஒளி, புரோமைடில் ஒரு செகண்டின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் தணிந்துவிடுகிறது. சீசியம்-137-இன் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரை அது சுமார் 3 சதவீத நுட்பத்தோடு பிரித்தறிகிறது. பழைய சோடியம் அயோடைடு படிகத்தால் இதில் பாதி நுட்பம்கூட இயலாது. இப்படிகங்களும் சீரியம் குளோரைடின் அதே அறுகோண அமைப்பைக் கொண்டவை, ஈரத்தின் மேல் அதே வேட்கை உடையவை. மூடிய குவார்ட்ஸ் குழாயில் உருக்கி வளர்க்கும்போது உப்பில் ஆக்ஸிஜன் ஏதேனும் தங்கியிருந்தால், படிகம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஆறும்போது பிளந்துவிடும். ஆகவே இங்கு உப்பு மேலும் வடித்துச் சுத்தி செய்யப்படுகிறது. வளர்ந்த படிகமும் காற்றுப் படாத உறைக்குள்ளேயே வாழ்கிறது.

8. எந்தச் சோதனை எதைக் காட்டும்?

உலர்த்திய உப்பில் சிறிதளவு எடுத்துச் சுத்த நீரில் கரைத்துப் பார்ப்பது நெடுங்கால வழக்கம். கரைசல் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் தேறியது, பால் கலந்தாற்போல் மங்கினால் தவறியது என்பர். ஆக்ஸிகுளோரைடு நீரில் கரையாது என்பதால் இச்சோதனை அதைப் பிடித்துவிடும். ஆனால் ஒரு நீர் தங்கிய உப்பும் தெளிவாகவே கரையும், ஏழு நீர் கொண்ட மூல உப்பும் தெளிவாகவே கரையும். தெளிவைக் கண்டு உலர்ச்சியை முடிவு செய்தவர்கள், கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடையைக் கேட்ட கேள்விக்கு உரியதாகக் கொண்டார்கள். குளோரைடை வெள்ளி நைட்ரேட்டால் அளந்து, சீரியத்துக்கு அது மூன்று மடங்கு இருக்கிறதா என்று பார்ப்பதும் இத்தகையதே. அது சிதைவைக் காட்டும், நீரைக் காட்டாது. நீருக்குத் தனிச் சோதனை வேண்டும். கார்ல் ஃபிஷர் முறை அதற்கு ஏற்றது.

அந்த உபகரணம் இல்லாத இடத்திலும் தராசு உண்டு. பத்து கிராம் ஏழு நீர் உப்பு முற்றிலும் உலர்ந்தால் 6.62 கிராம் எஞ்ச வேண்டும். ஒரு நீர் தங்கினால் 7.10 கிராம் எஞ்சும். ஏறக்குறைய அரை கிராம் வித்தியாசம் சாதாரணத் தராசிலேயே தெளிவாகத் தெரியும். இங்கும் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆக்ஸிகுளோரைடு கலந்துவிட்டால் குளோரினும் வெளியேறியிருப்பதால் எடை மேலும் குறையும். பாதி சிதைந்து பாதி ஈரமாக நிற்கும் உப்பு தற்செயலாக 6.62-ஐக் காட்டிவிடலாம். எடை சரியாக இருந்து, கரைசலும் தெளிவாக இருந்து, அம்மோனியம் குளோரைடு வழியில் வந்ததாயின் காரத்தோடு நெடியும் எழாமல் இருந்தால் மட்டுமே, புட்டியின் மேல் நீரற்றது என்று எழுதலாம். கரிம வினைகளைப் பற்றிய கட்டுரைகளில் உலர்த்திய வெப்பமும் நேரமும் தவறாமல் குறிக்கப்படுவதைக் காண்கிறோம். உலர்த்தும் முன்னும் பின்னும் குடுவையை நிறுத்த எடைகளையும் அவற்றோடு குறித்தால், இரண்டு கூடங்களின் விளைச்சல்கள் ஏன் மாறுபடுகின்றன என்ற வாதங்களில் பெரும் பகுதி அந்த இரண்டு எண்களிலேயே தீர்ந்துவிடும்.